மைதானத்திலிருந்து கல்லூரிக்கு: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் சென்னைக் கல்லூரிகளின் மைதானங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வு ஆட்டங்கள் தொடங்கிவிடும். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு இருப்பிடத்தை மட்டும் குறித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் 'கல்லூரி என் பிள்ளையை எடுத்துக்கொள்ளுமா' என்ற கவலை இருக்கிறது; 'அந்தக் கல்லூரி என் பிள்ளைக்கு ஏற்றதுதானா' என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்வியையே பதில்களில் மீண்டும் மீண்டும் எழுப்பப் போகிறேன்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்து ஆடுகிறான். மாவட்ட அணிக்கும் ஆடியிருக்கிறான். நகரில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் பி.டி. சார் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'ட்ரையலுக்கு அனுப்புங்கள், சீட் பார்த்துக்கொள்ளலாம்' என்றார். புறநகரில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அழைக்கிறார்கள். அங்கே கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்கிறார்கள். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் பிள்ளை இவன்தான். நாங்கள் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?
— ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பது உங்கள் மகன் இத்தனை ஆண்டுகள் உழைத்ததற்குக் கிடைத்த மதிப்பு; முதலில் அதற்காக மகிழுங்கள். அடுத்ததாக, 'சீட் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உடற்கல்வி இயக்குநரின் வேலை தேர்வு ஆட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்து ஒரு பட்டியலைப் பரிந்துரைப்பது. அந்தப் பட்டியலில் யாருக்கு எந்தத் துறையில் இடம் என்பதை முதல்வரும் சேர்க்கைக் குழுவும்தான் முடிவு செய்வார்கள். அவர் மனதாரச் சொன்ன வாக்கே ஆனாலும் அதை மட்டும் நம்பிப் பொது விண்ணப்பத்தைப் போடாமல் இருந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உரிய கட்டத்தை நிரப்பாமல் விட்டு, பிறகு அலைந்த குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே பொதுக் கலந்தாய்வுக்கு முன்பாகவே விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடந்து முடிந்துவிடும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் சான்றிதழ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

உங்களை அழைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களும் அடிப்படையிலேயே வேறுபட்டவை. இதை விளையாட்டுக் குடும்பங்களிலேயே பலர் கவனிப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தால் உங்கள் மகன் முதலில் கல்லூரி அணிக்கு ஆடுவான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் எல்லாக் கல்லூரி வீரர்களோடும் போட்டியிட்டுத் தேறினால்தான் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி அணியே பல்கலைக்கழக அணி. அதில் இடம்பிடித்துவிட்டால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கு நேரே போகலாம். வழி குறுகியது என்றாலும், பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் சிறந்த வீரர்களைத் திரட்டி வைத்திருக்கும் அந்த அணியில் முதல் பதினொருவரில் ஒருவனாக ஆடுவது எளிதன்று. மூன்று ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பதும், நடுத்தர அணி ஒன்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் தொண்ணூறு நிமிடம் ஆடுவதும் ஒரு பதினெட்டு வயதுப் பையனை வெவ்வேறு ஆட்டக்காரர்களாக ஆக்கிவிடும். ஆகவே, 'அவனுடைய இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள்' என்று இரண்டு இடங்களிலும் கேளுங்கள். நேர்மையான பயிற்சியாளர் இதற்குத் தயங்காமல் விடை சொல்வார்.

கட்டணத் தள்ளுபடியைப் பொறுத்தவரை, 'முழுவதும்' என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று பிரித்துக் கேட்க வேண்டும். படிப்புக் கட்டணம் மட்டுமா, தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தா என்பது முதல் கேள்வி. இந்தச் சலுகை மூன்று ஆண்டுகளுக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதா என்பது அடுத்தது. பையன் காயமடைந்து ஓராண்டு ஆட முடியாமல் போனாலோ, இரண்டாம் ஆண்டில் அணியில் இடம் இழந்தாலோ, ஒரு தாளில் அரியர் விழுந்தாலோ அந்தச் சலுகை என்னவாகும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் பார்த்த வரையில் குடும்பங்கள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டாம் ஆண்டில் திடீரென்று கட்டணச் சீட்டு வரும்போது கடன் வாங்கவும் வழியிருக்காது, வேறு கல்லூரிக்கு மாறவும் வழியிருக்காது. எனவே வாயால் சொன்னதையெல்லாம் கல்லூரியின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்ச வேண்டாம். எழுதித் தர மறுப்பதே உங்களுக்கு ஒரு விடைதான். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்தவுடன் அவற்றைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும், கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது.

அவன் என்ன படிக்கப் போகிறான் என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளை இடம் மீந்திருக்கும் துறையில் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. கணக்குப் பதிவியலில் ஆர்வமுள்ள பையன் வேறு ஏதோ ஒரு துறையில் மூன்று ஆண்டுகள் தத்தளித்துப் பட்டம் பெறாமலே வெளியேறினால், அவன் போட்ட கோல்கள் அவனுக்குச் சோறு போடா. ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுத்த வரலாறு நம் ஊருக்கு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்தப் பணிகள் பலவற்றுக்கு விளையாட்டுச் சான்றிதழோடு கல்வித் தகுதியும் வேண்டும். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் அனுமதி) கிடைக்கிறதா, தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வை மீண்டும் எழுத விடுகிறார்களா, போன ஆண்டு அணியிலிருந்தவர்களில் எத்தனை பேர் எல்லாத் தாள்களிலும் தேறிப் பட்டம் வாங்கினார்கள் என்பவற்றை அணியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், பயிற்சியாளர் உடனில்லாதபோது, உங்கள் மகனே கேட்கட்டும். அவனுடைய கிளப்புக்கு ஆடுவதைக் கல்லூரி தடுக்குமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி என்றால் வியாசர்பாடியிலிருந்து புறநகருக்கு எந்த ரயிலில் போவான்? விடுதி இல்லாத சலுகை, தூரத்துக் கல்லூரியில், உங்களுக்குப் பாதிச் சலுகைகூட ஆகாது. அவன் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அகில இந்தியத் தரவரிசையில் இடம்பெற்ற டென்னிஸ் வீராங்கனை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முழு உதவித்தொகை உறுதி என்று சொல்லும் ஒரு முகவர், முதலில் 6 லட்சம் ரூபாயும் பிறகு கிடைக்கும் உதவித்தொகையில் 10 சதவீதமும் கேட்கிறார். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்பதால் வழக்கமான பள்ளியை விட்டுவிட்டுத் திறந்தநிலைப் பள்ளிக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறோம். கல்லூரிக்குப் போனால் டென்னிஸ் வாழ்க்கை முடிந்துவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
— ஒரு தந்தை, அண்ணா நகர்

பதில்: உறவினர்களின் அச்சத்துக்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதன் பிறகுதான் 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் பெற்றார். எல்லோரும் அப்படி ஆகிவிட மாட்டார்கள் என்றாலும், கல்லூரி ஆட்டம் தொழில்முறை ஆட்டத்துக்குக் கதவடைத்துவிடும் என்பது உண்மையில்லை.

முகவர் விஷயத்தில் நான் தெளிவாகவே சொல்கிறேன்: அந்த 10 சதவீதப் பேச்சு ஒன்றே அவரை விலக்கப் போதுமான காரணம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, மாணவரின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தரும் சேவைக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் உதவித்தொகையோடு இடம் வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு என்ற அடிப்படையில் பணம் கொடுத்தால் மாணவரின் தகுதியே கேள்விக்குள்ளாகும். உங்கள் மகளின் வாய்ப்பைக் கெடுக்கக்கூடிய ஒப்பந்தத்தை அவர் உங்களுக்கே விற்கப் பார்க்கிறார். உதவித்தொகையை உறுதியளிக்கும் அதிகாரம் எந்த முகவருக்கும் இல்லை. அதைத் தரக்கூடியது கல்லூரி மட்டுமே; அதுவும் எழுத்து வடிவிலான உதவித்தொகை ஒப்பந்தத்தின் வழியாக மட்டுமே.

'முழு உதவித்தொகை' என்பதும் நம்மவர்கள் நினைக்கும் அளவுக்குப் பரவலாகக் கிடைப்பதில்லை. என்.சி.ஏ.ஏ.வின் முதல் இரண்டு பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரலாம். எண்ணிக்கையில் மிகப் பெரியதான மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்ட், கொலம்பியா போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் இருந்தும் அதைத் தருவதில்லை. குடும்பத்தின் பொருளாதாரத் தேவையைப் பார்த்தே உதவுகின்றன. அங்கே பயிற்சியாளரின் ஆதரவு சேர்க்கைக்கு உதவும். கட்டணத்துக்கு உங்கள் வருமான விவரங்களே பேசும். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025இல் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதிலாக அணியின் அளவுக்கே உச்சவரம்பு வந்திருக்கிறது. டென்னிஸ் அணிக்கு அது 10 பேர். அந்தப் பத்துப் பேருக்கிடையே பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது பயிற்சியாளரின் முடிவு. வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடித் தேர்ந்து, இடம் மாறி வரும் மூத்த மாணவிகளோடும் உங்கள் மகள் போட்டியிட வேண்டியிருக்கும். பாதிக் கட்டணத்துக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கும் உதவியை அவமதிப்பாக எண்ண வேண்டாம். மிச்சத்தை நான்கு ஆண்டுகளுக்கும் உங்களால் கட்ட முடியுமா என்பதை மட்டும் பாருங்கள். விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, விசாச் செலவு ஆகியவையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். உதவித்தொகை போக மீதியுள்ள செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 ஆவணமே வரும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அங்கே விளம்பர வருமானம் ஈட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளதால், அமெரிக்க வீரர்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் பெருந்தொகைகளை நம்பித் திட்டமிடாதீர்கள்.

பள்ளி மாற்றத்தை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். முதல் பிரிவில் ஆடுவதற்கு ஒன்பதாம் வகுப்பு முதல் படித்தவற்றில் 16 முதன்மைப் பாடங்களும், அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 தரப்புள்ளியும் வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு அது 2.2. எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணை இந்தத் தகுதிக்கு இப்போது கேட்பதில்லை என்றாலும், சேர்க்கைக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. நம் வீடுகளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டு வைப்போம், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தொலைத்துவிடுவோம். அந்த அட்டை இங்கே தேவைப்படும். பள்ளியை மாற்றுவதாக இருந்தால், மாறும் பள்ளியின் பாடங்கள் எப்படிக் கணக்கில் கொள்ளப்படும் என்பதை என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்துக்கு எழுதிக் கேட்டு, விடை கையில் வந்த பிறகு முடிவெடுங்கள். பரிசுப் பணம் வாங்கும் போட்டிகளில் ஆடினால் வரவையும் செலவையும் ரசீதோடு எழுதி வையுங்கள். பிளஸ் டூ முடித்ததும் ஓரிரு ஆண்டுகள் சர்வதேசப் போட்டிகளில் ஆடிவிட்டுப் போகலாம் என்ற திட்டமும் ஆபத்தானது. அந்தத் தாமதம் கல்லூரியில் ஆடக்கூடிய ஆண்டுகளைக் குறைத்துவிடக்கூடும்.

முகவர் செய்வதாகச் சொல்லும் வேலையின் பெரும்பகுதியை உங்கள் மகளே செய்துவிடலாம். யு.டி.ஆர். மதிப்பீடு (டென்னிஸ் ஆட்டத்திறனை எண்ணால் காட்டும் உலகளாவிய மதிப்பீடு), பள்ளி மதிப்பெண்கள், வரவிருக்கும் போட்டிகளின் பட்டியல், முழு ஆட்டமாக எடுத்த ஒரு காணொளி ஆகியவற்றோடு பயிற்சியாளர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுத வேண்டும். முதல் பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15க்குப் பிறகே பயிற்சியாளர்கள் மாணவர்களோடு சேர்க்கை பற்றிப் பேசலாம். அந்தத் தேதி உங்கள் மகளுக்குக் கடந்துவிட்டதால் இப்போதே தொடங்கலாம். அணியின் இணையப் பக்கத்தைத் திறந்து, இப்போது ஆடுபவர்களின் யு.டி.ஆர். மதிப்பீட்டைத் தன் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கல்லூரிக்கு எழுதுவது என்பது ஒரே மாலையில் தெளிவாகிவிடும். எட்டு லட்சம், பத்து லட்சம் என்று பணம் கட்டிய பெற்றோர் இந்த ஒப்பீட்டை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை என்பதைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: வேளச்சேரி நீச்சல் குளத்தில் பயிற்சி பெறும் எங்கள் மகள் தேசிய அளவில் பதக்கம் வென்றவள். பொறியியல் படிக்க விரும்புகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அண்ணா பல்கலைக்கழகம் கிடைக்குமா? ஐ.ஐ.டி.யிலும் இடம் உண்டு என்கிறார்களே?
— பெற்றோர், அடையாறு

பதில்: தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன, பொதுப் பிரிவுக்கு முன்பே அதற்கான கலந்தாய்வு நடக்கிறது. தரவரிசை விளையாட்டுச் சாதனைக்குரிய மதிப்பெண்ணைக் கொண்டே அமைகிறது. எனவே அலமாரியில் எத்தனை கோப்பைகள் இருக்கின்றன என்பதைவிட, ஒவ்வொரு சான்றிதழும் எந்த நிலைப் போட்டிக்கு உரியது, அங்கீகாரம் பெற்ற சங்கத்தால் குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்திட்டுத் தரப்பட்டதா, கணக்கில் கொள்ளப்படும் ஆண்டுகளுக்குள் வருகிறதா என்பவையே முக்கியம். அழைப்புப் போட்டிகளிலும் நினைவுக் கோப்பைப் போட்டிகளிலும் பெற்றவற்றுக்குப் பொதுவாக மதிப்பெண் கிடைக்காது. படிவத்தில் கையெழுத்து வாங்கச் சங்கச் செயலாளரைத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பதால், தகவல் கையேடு வெளிவந்த வாரத்திலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டிலிருந்து விளையாட்டுச் சிறப்புச் சேர்க்கையை நடத்துகிறது; ஐ.ஐ.டி.களில் இதைத் தொடங்கியது இதுவே முதலாவது. ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக 2 இடங்கள் உண்டு; அவற்றில் ஒன்று பெண்களுக்கு உரியது. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வெழுதித் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதோடு கடந்த நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமாவது வேண்டும். தேர்வை எழுதாமல் பதக்கத்தை மட்டும் வைத்து உள்ளே போக முடியாது.

நீச்சலுக்கென்று ஒரு கவலை தனியாக இருக்கிறது. கால்பந்து வீரனுக்கு எந்த மைதானமும் போதும். நீச்சல் வீராங்கனைக்குக் காலையும் மாலையும் 50 மீட்டர் குளம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும். நல்ல துறை கிடைக்கிறது என்று வெளியூர்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே குளமே இல்லை என்பதை ஆகஸ்டில் கண்டுபிடிப்பதால் பயனில்லை. கிண்டியிலோ தரமணிப் பக்கத்திலோ படித்தால் வேளச்சேரிக் குளத்தையும் இப்போதைய பயிற்சியாளரையும் விட வேண்டியதில்லை. தொடர்ந்து நீந்த வேண்டும் என்பது மகளின் விருப்பமாக இருந்தால், துறைக்கும் கல்லூரிப் பெயருக்கும் கொடுக்கும் எடையை இதற்கும் கொடுங்கள். அவளுக்கே நீச்சலை இத்தோடு முடித்துக்கொள்ளும் எண்ணம் இருக்கலாம். அதையும் மனம் நோகாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் நீளம் தாண்டுதல் வீரன், பிளஸ் டூ மாணவன். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் என் அப்பாவே பேசுகிறார். நான் தாண்டிய தூரத்தைக்கூட அவரே சொல்லிவிடுகிறார். போன மாதம் எனக்குத் தொடைத் தசையில் பிடிப்பு ஏற்பட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் ட்ரையலில் தாண்டு என்கிறார். நான் என்ன செய்வது?
— ஒரு மாணவன், ஆவடி

பதில்: தம்பி, காயத்தை மறைத்துத் தாண்டாதே. ஆறாத தொடைத் தசையோடு முழு வேகத்தில் ஓடிவந்து பலகையில் காலூன்றினால் சில வாரங்களில் ஆறக்கூடிய பிடிப்பு பல மாதங்கள் படுத்தும் கிழிசலாக மாறிவிடும். அன்று நீ தாண்டும் தூரமும் உன் உண்மையான தூரமாக இருக்காது. பயிற்சியாளரைச் சந்தித்து, மருத்துவரின் சீட்டையும் இதற்கு முன் போட்டிகளில் நீ பதிவு செய்த தூரங்களையும் காட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்து வரலாமா என்று கேள். தடகளத்தில் இது உனக்கு வசதி: உன் தூரம் அதிகாரப்பூர்வமான முடிவுத் தாளில் இருக்கிறது, ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. காயத்தைக் கேட்டவுடன் உன்னை வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர், இரண்டாம் ஆண்டில் நீ காயமடையும்போதும் அதையே சொல்வார். அதை இப்போதே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது.

அப்பாவிடம் நீயே பேச வேண்டும். 'கட்டணத்தையும் விடுதியையும் பற்றி நீங்கள் பேசுங்கள் அப்பா, பயிற்சியைப் பற்றி நான் பேசுகிறேன்' என்று வீட்டிலேயே, புறப்படுவதற்கு முன் கேட்டுக்கொள். உன் தந்தை இதை வாசித்தால் அவருக்கும் ஒரு சொல்: தேர்வுக்கு வரும் பிள்ளையிடம் நாங்கள் கேள்வி கேட்பது தூரத்தைத் தெரிந்துகொள்வதற்காக அன்று, அது விண்ணப்பத்திலேயே இருக்கும். தோற்ற போட்டியைப் பற்றி எப்படிப் பேசுகிறான், தன் பயிற்சியைத் தானே புரிந்து செய்கிறானா, வீட்டை விட்டு வந்தால் தனியே சமாளிப்பானா என்பவற்றை அறியவே பேசுகிறோம். எல்லா விடைகளையும் தந்தை சொல்லிவிட்டால் எங்களுக்குத் தந்தையைப் பற்றித்தான் தெரியவருகிறது. நீங்கள் அவனுக்காகப் பட்ட பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடியற்காலையில் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்து காத்திருக்கும் தந்தையர் இல்லையென்றால் இந்த நகரத்தில் தடகளமே இல்லை.

கேள்வி: என் அக்கா மகனுக்கு மாநில அளவிலான சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். பலரும் செய்கிறார்கள் என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் போட்டியின் முடிவுப் பட்டியலும் சங்கத்தின் பதிவேடும் ஒப்பிடப்படும். பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாவதோடு காவல்துறை வழக்கும் வரும். வழக்கு உங்கள் மீதும் அந்தப் பையன் மீதும் இருக்கும், பணம் வாங்கியவர் இருக்க மாட்டார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: அந்த இடம் உண்மையாக ஆடிய இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடம். உங்கள் அக்கா மகன் விளையாட்டு வீரனாக இல்லாவிட்டால் அதில் குறையொன்றும் இல்லை. மதிப்பெண் அடிப்படையில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், கைப்பந்து ஆடுகிறாள். விடுதியோடு கூடிய இடம் தர ஒரு கல்லூரி முன்வந்திருக்கிறது. அணி அடிக்கடி வெளிமாநிலம் போகும் என்கிறார்கள். அவளை அனுப்ப அஞ்சுகிறோம், நிறுத்திவிடவும் மனமில்லை.
— ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. அதைச் சொன்னால் மகளின் வாய்ப்பு போய்விடும் என்று எண்ணி மறைக்காதீர்கள். கேள்விகளாக மாற்றிக் கல்லூரியிடம் வையுங்கள். அணியோடு வெளியூர் செல்லும் பெண் மேலாளர் யார், தங்கும் இடத்தை யார் முடிவு செய்கிறார்கள், முன்பதிவு செய்த ரயில் பெட்டியில் போகிறார்களா, இரவில் ஏதேனும் நேர்ந்தால் பெற்றோர் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று கேளுங்கள். மாதவிடாய் நாட்களிலும் உடல்நலம் குன்றிய நாட்களிலும் பயிற்சியிலிருந்து விலக்கு கேட்பது அங்கே எளிதா என்பதை மூத்த மாணவிகளிடம் மகள் தனியே கேட்கட்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சியாளர் மீதும் அங்கே புகார் தரலாம் என்பதை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவளுக்கு இன்னும் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

சாப்பாட்டைப் பற்றிப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது அரிது, கேட்க வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு விடுதியின் பொதுச் சாப்பாடு போதாது. முட்டையும் பாலும் சுண்டலும் கூடுதலாகத் தருகிறார்களா, பயிற்சி முடிந்து தாமதமாக வரும் அணிக்கு இரவுச் சாப்பாடு எடுத்து வைக்கிறார்களா என்பதை விடுதிக் காப்பாளரிடம் நேரில் கேளுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று சேருவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும். கல்லூரி தரும் விளையாட்டுச் சலுகைக்காக இதை இழக்க வேண்டியதில்லை. சேர்ந்தவுடன் கல்லூரியில் இத்திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று விசாரித்து, அவர் வழியாக விண்ணப்பத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.